தையில் மதுரையில் கல்யாணம், 300 பேர், 6 லட்சம்: எங்கே குறைத்தால் லட்சணம் கெடாது?

வைகைக்கரை (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சிக்குத் தை மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முகூர்த்தம் குறிச்சிருக்கோம், காலை 7.30–9. முதல் நாள் சாயங்காலம் வரவேற்பு. ரெண்டு வீடும் சேர்ந்து போடுற பணம் 6 லட்சம். நகை இதில் இல்லை, மத்த எல்லாம் இதுக்குள்ள.

இதுவரை விசாரிச்சது: மண்டபம் 1,40,000. சாப்பாடு இலைக்கு இரவு 280, காலை டிபன் 180, மதியம் 260. மூணு வேளைக்கும் 300 பேர்னு 2,16,000. மேடை அலங்காரம் 1,10,000. போட்டோ, வீடியோ 90,000. கூட்டினா 5,56,000 வந்துடுது. பட்டு, மேளம், பத்திரிகை, ஐயர், தாம்பூலப் பை எதுவும் இன்னும் சேரலை.

ஆடம்பரம் யாருக்கும் வேண்டாம். ஆனா வந்தவங்க "சிக்கனம் பிடிச்சுட்டாங்க"ன்னு நினைக்கிற மாதிரியும் இருக்கக் கூடாது. எதை எடுக்கலாம், எதில் கை வைக்கக் கூடாது?

---

பந்திக்கணக்கு

வணக்கம் தம்பி. மேடையைப் பார்க்கும் முன் இலைக்கணக்கைச் சரி செய்யுங்கள். மூன்று வேளைக்கும் 300 என்பதுதான் உங்கள் பட்டியலில் பெரிய ஓட்டை. வரவேற்புக்கு வருகிறவர் பெரும்பாலும் அன்றிரவே சாப்பிட்டுக் கிளம்பிவிடுவார். காலை டிபனுக்கு நெருங்கிய சொந்தமும் முகூர்த்தம் பார்க்க வருபவர்களும்தான். மதியம் இன்னும் குறையும். இரவு 250, காலை 170, மதியம் 120 என்று வைத்தால் அதே விலையில் 1,31,800 ஆகிறது. 84,200 ரூபாய் மிச்சம், யார் இலையிலும் ஒரு பதார்த்தம் குறையவில்லை.

வீடு வீடாகப் பட்டியல் போட்டு, ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் இரவு, காலை, மதியம் என்று மூன்று கட்டம் போடுங்கள். தெரியாத கட்டத்தில் பாதி எண்ணுங்கள். சமையல்காரரிடம் குறைந்தபட்ச உறுதி எண்ணிக்கையைக் கொஞ்சம் தாழ்த்திச் சொல்லி, "இதற்கு மேல் 10 சதவீதம் வரை தாங்கும்" என்று எழுதி வாங்குங்கள். உறுதி சொன்ன எண்ணிக்கைக்கு ஆள் வராவிட்டாலும் பணம் கொடுத்தே ஆக வேண்டும். கூடுதலாக வந்தால் வந்ததற்கு மட்டும் கொடுத்தால் போதும்.

அடுத்து, ஒரு பெரிய முடிவு. ஞாயிற்றுக்கிழமை என்பதால் வரவேற்பையே விட்டுவிட முடியுமா என்று யோசியுங்கள். வேலை நாளில் முகூர்த்தம் வைத்தால் அலுவலகம் போகிறவர் மாலையில்தான் வர முடியும். அதனால்தான் முதல் நாள் வரவேற்பு. ஞாயிறு காலையில் எல்லோராலும் வர முடியும். அன்று ராகு காலம் மாலை 4.30–6, எமகண்டம் பகல் 12–1.30. அதனால் 9–10.30க்கு லக்னம் அமையுமா என்று ஜோசியரைக் கேட்டுப் பாருங்கள். அமைந்தால் ஒரே விருந்து, மதியம் 300 இலை. முதல் நாள் இரவு தங்கும் சொந்தம் 60 பேருக்கு எளிய சாப்பாடு, காலை 80 பேருக்கு டிபன்.

இதில் மண்டப வாடகை குறையாது. பெரும்பாலான மண்டபங்கள் முதல் நாள் மதியம் முதல் மறுநாள் மதியம் வரை ஒரே கணக்காகத்தான் கொடுக்கின்றன. குறைவது வேறு: இரவு விருந்து, இரண்டாவது மேடை ஜோடனை, ஒரு செட் மாலை, வரவேற்பு உடை, போட்டோகாரருக்கு ஒரு மாலை நேரக் கூலி. நான் இந்த வழியைத்தான் சொல்வேன். முதல் நாள் மாலையை நலங்குக்கும் சொந்தங்கள் உட்கார்ந்து பேசுவதற்கும் விட்டுவிடலாம்.

மண்டபத்தில் வாடகையை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். 1,40,000இல் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா? மின்சாரம் தனியா? ஜெனரேட்டர் மணிக்கு எவ்வளவு, டீசல் யாருடையது? துப்புரவு, பாத்திரம், ஏசி அறைகள், வாட்ச்மேன்? வெளியிலிருந்து சமையல்காரரோ அலங்காரக்காரரோ வந்தால் கட்டணம் உண்டா? அந்தக் கடைசிக் கேள்விக்கு "எங்கள் ஆள்தான்" என்று பதில் வந்தால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த மண்டபம் உங்களுக்கு விலை அதிகம். உள்ளே போகும்போதும் வெளியேறும்போதும் மின்மீட்டரைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சமையலுக்கு 19 கிலோ வணிக சிலிண்டர்தான். வீட்டு சிலிண்டரைப் பயன்படுத்தக் கூடாது. எத்தனை சிலிண்டர், யார் பொறுப்பு என்று முன்பே பேசிவிடுங்கள்.

மொய்யை வரவில் எழுதாதீர்கள். அது திருப்பிச் செய்ய வேண்டிய பணம்.

---

கரண்டி

பந்திக்கணக்கு சொன்ன ஒரே விருந்துதான் சமையலுக்கும் நல்லது. மூணு வேளை சுமாரா போடுறதுக்கு ஒரு வேளை மனசு நிறையப் போடலாம்.

பதார்த்தம் அதிகமானா சாப்பாடு உசரும்னு நினைக்காதீங்க. 21 வகை வச்சா பரிமாறுறவங்க வரிசை முடிச்சுத் திரும்பி வர்றதுக்குள்ள முதல் இலைக்காரர் சோறு ஆறிப்போகும். 14 போதும்: பருப்பு நெய், சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர், அவியல், அவரைக்காய்ப் பொரியல், பரங்கிக்காய் மொச்சைக் கூட்டு, உருளைக்கிழங்கு வறுவல், வடை, அப்பளம், ஊறுகாய், ஒரு இனிப்பு, பாயசம். தையில் அவரை, மொச்சை, பரங்கி எல்லாம் நல்லா வர்ற காலம். முருங்கைக்காய் அப்ப விலை ஏறிக் கிடக்கும், சாம்பார்ல அதைப் பிடிவாதமா கேட்காதீங்க. வெள்ளைப் பூசணியோ கத்திரிக்காயோ போடச் சொல்லுங்க. பனீர், காளான், கோபி மஞ்சூரியன் மூணையும் எடுத்துட்டாலே இலை விலையைக் குறைச்சுப் பேசலாம்.

அளவு தெரிஞ்சாதான் பேச முடியும். 100 இலைக்கு: அரிசி 11–12 கிலோ. சாம்பாருக்குத் துவரம்பருப்பு 2.5 கிலோ, இலையில் வைக்கிற பருப்புக்கு 1 கிலோ. பொரியல், கூட்டு ஒவ்வொண்ணுக்கும் நறுக்குறதுக்கு முன்னாடி 7–8 கிலோ காய். பாயசம் ஆளுக்கு 100 மில்லின்னு 10 லிட்டர். நெய் ஆளுக்கு 5 மில்லி, அரை லிட்டர். அப்பளம் 120. இதை 3 ஆல் பெருக்கிப் பாருங்க. சமையல்காரர் சொல்ற விலையில் பொருள் எவ்வளவு, கூலி எவ்வளவுன்னு அப்பதான் புரியும்.

மளிகையை நாமே வாங்கி, மாஸ்டருக்குக் கூலி மட்டும் கொடுக்கலாமான்னு யோசனை வரும். 300 இலைக்கு அது வேண்டாம். மிஞ்சுற மளிகை, விறகு, ஏத்துக்கூலி, அங்கங்க கைச்செலவுன்னு மிச்சம் கரைஞ்சிடும். 500க்கு மேல போனாதான் லாபம்.

கெடுறது எங்கேன்னா:

மொத்தச் சோத்தையும் ஒரே தடவை வடிச்சு வைக்கிறது. பந்திக்கு ஒரு ஈடுன்னு பிரிச்சு வடிக்கச் சொல்லுங்க.

தேங்காய் அரைச்சதை முதல் நாள் ராத்திரியே கலந்துடுறது. மறுநாள் புளிச்சு வாடை வரும். அவியல் தேங்காயை அன்னிக்குக் காலையில்தான் அரைக்கணும்.

பாயசம் கடைசிப் பந்திக்குள்ள களியா இறுகிடும், சேமியாவும் ஜவ்வரிசியும் பாலை இழுத்துக்கும். 300 பேருக்கு 5 லிட்டர் காய்ச்சின பால் தனியா இருக்கட்டும், இளக்கிக்கலாம்.

காபிக்குத் தனிக் கணக்கு. நேரம் சொல்லாம விட்டா ஒரே ஆள் மூணு தடவை வாங்குவார். காலை 6–8.30ன்னு முடிச்சுடுங்க.

இலை எண்ணுறது ரொம்ப முக்கியம். சமையல்காரர்கிட்ட எண்ணிக் கொடுத்து, மீதியை எண்ணி வாங்குங்க. கிழிஞ்சதைத் தனியா வச்சுக் காட்டச் சொல்லுங்க. ரெண்டு வீட்டுக்கும் ஒவ்வொரு ஆள் பந்தி வாசல்ல நிக்கட்டும். 300 பேருக்கு நுனி இலை 330 சொல்லி வைங்க. முகூர்த்த நாள்ல கடைசி நேரத்துக்குப் போனா நுனி இல்லாத ஏட்டு இலைதான் கிடைக்கும். 10–12 இலைக்கு ஒரு பரிமாறுற ஆள் இருக்கணும். இதில் மட்டும் குறைக்காதீங்க. ஒரு கல்யாணம் எப்படி நடந்துச்சுன்னு ஊர் பேசுறது அந்த ஆள் எப்படிக் கேட்டுப் போட்டார்ங்கிறதை வச்சுத்தான்.

---

வைகைக்கரை

ரொம்ப நன்றிங்க. ஜோசியரைக் கேட்டாச்சு, 9.15–10.15 அமையுதுன்னு சொல்லிட்டார். வரவேற்பை விட அப்பாவும் சம்மதிச்சுட்டார். மேடைக்கு 1,10,000ங்கிறது மட்டும் உறுத்துது. 20 அடி அகல மேடை, முழுக்கப் பூன்னு சொல்றாங்க. அம்மாவுக்கு மதுரைக் கல்யாணத்தில் மல்லி இல்லாம எப்படின்னு வருத்தம்.

---

தொடுத்த பூ

தம்பி, தையில் மல்லியால் மேடை போடக் கூடாது. பனியில் செடி மொக்கு வைப்பது குறைந்து, முகூர்த்த நாள் தேவையும் சேர்ந்து, விலை பல மடங்கு ஏறும் மாதம் அது. அம்மாவின் ஆசை நியாயமானது. மல்லியைப் பெண்ணின் தலைக்கும், வீட்டுப் பெண்கள் தலைக்கும், வாசலில் கொடுக்கும் தட்டுக்கும் மட்டும் வையுங்கள். மணம் அங்கே இருந்தால் போதும். 15 அடி தள்ளி மேடையில் தொங்கும் மல்லி யாருக்கும் மணப்பதில்லை.

மேடைக்குச் சாமந்தி. குளிர்காலத்தில் நன்றாகப் பூக்கும், இரண்டு நாள் வாடாது. மஞ்சளோ வெள்ளையோ ஒரே நிறம். 20 அடி அகலம், 10 அடி உயரம், அரை அடிக்கு ஒரு சரம் என்றால் 40 சரம், 400 அடி பூ. அதைத்தான் உங்களிடம் விலை சொல்லியிருப்பார்கள். மணவறைக்குப் பின்னால் நடு 8 அடியில் மட்டும், ஒரு அடிக்கு ஒரு சரம், 8 அடி நீளத்தில் 9 சரம் தொங்கவிட்டால் 72 அடி. கண் போவதும் கேமரா போவதும் அங்கேதான். இரண்டு பக்கமும் வெறும் துணி.

துணிக்குச் சாயம் போடாத காடாத் துணி பாருங்கள். 4 அடி அகலத் துணியில், சுருக்கம் நன்றாக விழ இரண்டு மடங்கு எடுத்தால் 10 பட்டை, பட்டைக்கு 10 அடி, மொத்தம் 100 அடி, கிட்டத்தட்ட 30 மீட்டர். பிறகு வீட்டில் உறையாகத் தைத்துக்கொள்ளலாம். பளபளக்கும் சாட்டின் வேண்டாம், வெளிச்சம் பட்டு வீடியோவில் வெளுத்துத் தெரியும். துணியை முதல் நாளே இஸ்திரி போட்டுக் கட்டுங்கள். மடிப்புக் கோடு தெரிந்தால் செய்ததெல்லாம் வீண்.

வாசலுக்குக் குலை தள்ளிய வாழை இரண்டு, இளநீர்க் குலை, பாக்குக் குலை, குருத்தோலைத் தோரணம், மாவிலை. குருத்தோலை வேலை தெரிந்தவரை ஒருநாள் கூலிக்குப் பிடித்தால், பிளாஸ்டிக் பூ வளைவை விட ஆயிரம் மடங்கு அழகு. குருத்தை முதல் நாள் மாலை பின்னி, ஈரச் சாக்கில் மூடி வைத்து, விடியற்காலையில் கட்ட வேண்டும். முன்பே கட்டினால் மதியத்துக்குள் சுருண்டுவிடும். வாசலில் அரிசிமாக் கோலம், செம்மண் கரை.

இனி வெளிச்சம். மண்டபத்து வெள்ளை டியூப் ஒரு பக்கம், மஞ்சள் போக்கஸ் ஒரு பக்கம் என்று கலந்தால் பெண்ணின் முகம் படத்தில் பாதி பச்சை, பாதி ஆரஞ்சாக விழும். மேடைக்கு மேல் இருக்கும் டியூப்பை அணைக்கச் சொல்லி, 3000 கெல்வின் (இளமஞ்சள் வெளிச்சம்) எல்இடி விளக்கு நான்கை இரண்டு பக்கமும் சாய்வாக வையுங்கள். போட்டோகாரரிடமும் முன்பே சொல்லுங்கள். ஓடும் கலர் சீரியல் விளக்கு மேடையில் வேண்டவே வேண்டாம்.

மல்லி வாங்க: மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் முதல் நாள் கிடைக்கும் மொக்கு அன்று மாலையே விரியத் தொடங்கும். மறுநாள் காலைக்கு வேண்டுமானால் கட்டிய சரத்தை ஈரத்துணியில் சுற்றி, வாழை இலையில் பொதிந்து, ஐஸ் பெட்டியில் ஐஸ் நேராகப் படாமல் வைக்க வேண்டும். ஐஸ் பட்ட இடம் பழுத்துவிடும். மாலைக்குச் சம்பங்கி நல்லது, ஆனால் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தால் பழுப்பேறும். மாலை மாற்ற ஒரு ஜோடி, அவ்வளவுதான்.

---

பந்திக்கணக்கு

9.15–10.15 என்பதால் ஒரு எச்சரிக்கை. தாலி கட்டி முடிந்து பந்தி தொடங்கும் வரை வந்தவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். பானகம், நீர்மோர் வைத்து, நாதஸ்வரத்தை அந்த நேரத்தில் நிதானமாக விரித்து வாசிக்கச் சொல்லுங்கள். இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில் கொண்ட நல்ல குழுவுக்குக் கொடுக்கும் பணம் வீண் போகாது. பாட்டுக்கச்சேரி, டிஜே இரண்டும் வேண்டாம். 10.45க்கு முதல் பந்தி. 100 பேர் உட்காரும் கூடத்தில் இலை எடுத்துத் துடைப்பது வரை 40 நிமிடம் என்றால் மூன்று பந்தி 12.45க்கு முடியும். பெண்ணை அழைத்துப் போவதை எமகண்டம் கழிந்து 1.30க்கு மேல் வையுங்கள். மண்டபத்தை ஒப்படைக்கும் நேரம் 3 மணி என்றால் இது சரியாக அமையும். 2 மணி என்றால் இப்போதே பேசி ஒரு மணி நேரம் வாங்கிவிடுங்கள்.

---

நெசவுத்தெரு

பட்டு பற்றி யாரும் சொல்லவில்லை. முகூர்த்தப் பட்டுக்குத் திருபுவனம், காஞ்சிபுரம் கூட்டுறவுச் சங்கங்கள், கோ-ஆப்டெக்ஸ் மூன்றையும் முதலில் பாருங்கள். தை முகூர்த்தம் என்றால் தீபாவளித் தள்ளுபடியிலேயே வாங்கிவிடலாம். சில்க் மார்க் அட்டை பட்டு நூலுக்குத்தான் சான்று, சரிகைக்கு இல்லை. வெள்ளிச் சரிகையா, பாதிச் சரிகையா, சாதாரணச் சரிகையா என்று தனியாகக் கேட்டுப் பில்லில் எழுதி வாங்குங்கள். ரவிக்கைக்கு ஆரி வேலை கேட்டால் கூலி புடவை விலையை எட்டிவிடும். கையோரம் ஒரு விரல் அகலம் போதும். சொந்தக்காரப் பெண்களுக்குச் சுமாரான சிந்தெடிக் பட்டு எடுப்பதை விட மதுரைச் சுங்குடி எடுங்கள். ஊர்ப் பொருள், கட்டவும் செய்வார்கள்.

பத்திரிகை 100 மட்டும் அச்சடித்து, நேரில் வைக்க வேண்டியவர்களுக்கு வையுங்கள். மற்றவர்களுக்கு வாட்ஸ்அப். ஆனால் பெண், மாப்பிள்ளை பெயரும் இனிஷியலும் ஆதாரில் உள்ளபடியே அச்சில் இருக்கட்டும். கல்யாணத்தை 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரிகையையும் ஆதாரையும் ஒத்துப் பார்ப்பார்கள், எழுத்து மாறினால் அலைச்சல்.