ஃபிரெடரிக் நகரைச் சுற்றி இரண்டு நாட்களில் எவற்றைப் பார்க்கலாம்?

கேள்வி:
மேரிலாந்து மாநிலத்தின் ஃபிரெடரிக் நகரில் இருக்கும் என் தங்கை வீட்டுக்கு அடுத்த மாதம் பெற்றோருடன் செல்கிறேன். சனி, ஞாயிறு இரு நாட்களையும் அக்கம்பக்கத்து வரலாற்று இடங்களுக்கென ஒதுக்கியிருக்கிறோம். கெட்டிஸ்பர்க், ஆன்டீட்டம், ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஆகிய மூன்றையும் பார்த்துவிட முடியுமா? அப்பா வரலாற்றில் மிகுந்த ஈடுபாடு உள்ளவர். ஆனால் முழங்கால் வலியால் அதிகம் நடக்க இயலாது.

மறுமொழி 1:
வணக்கம். கெட்டிஸ்பர்க் போர்க்களத்தை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கே தனியாக ஒரு நாள் வேண்டும். சனிக்கிழமை முழுவதையும் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரிக்குக் கொடுங்கள். பொட்டோமாக், ஷெனான்டோவா ஆறுகள் கூடும் முனையில் உள்ள இச்சிற்றூரின் ஆயுதக் கிடங்கைத்தான், அடிமைகளைத் திரட்டிக் கிளர்ச்சி செய்யும் நோக்குடன் அடிமை ஒழிப்புப் போராளி ஜான் பிரவுன் 1859 அக்டோபரில் கைப்பற்றினார். அவரும் தோழர்களும் கடைசியாக அரண் அமைத்துக்கொண்ட தீயணைப்பு வண்டிக் கொட்டகை இன்றும் இருக்கிறது. 1893ஆம் ஆண்டின் சிகாகோ கண்காட்சிக்காகப் பிரித்துக் கொண்டுபோகப்பட்டு, பின்னர் பல இடங்கள் மாறி, 1968இல்தான் பழைய இடத்துக்கு அருகே வந்து சேர்ந்தது. அது ஊருக்கு வெளியே ஒரு பண்ணையில் நின்றிருந்த 1906ஆம் ஆண்டில், கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் உள்ளிட்ட, கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய நயாகரா இயக்கத்தினர் காலணிகளைக் கழற்றிவிட்டு வெறுங்காலுடன் அதை நோக்கி நடந்தார்கள். கோயிலுக்குச் செல்வதுபோல் அவர்கள் சென்றதை அப்பாவிடம் அவசியம் சொல்லுங்கள். வண்டியை மேலே நிறுத்திவிட்டு அங்குள்ள தேசிய வரலாற்றுப் பூங்காவின் பேருந்தில் கீழ்த்தெருவுக்கு இறங்கலாம். ஜெஃபர்சன் பாறைக்கு ஏறும் கற்படிகள் செங்குத்தானவை. அவருக்கு அவை வேண்டாம்.

மறுமொழி 2:
மேற்கண்ட யோசனையை ஏற்கிறேன். ஞாயிறு காலை ஆன்டீட்டம் செல்லுங்கள். வடக்கு, தெற்கு மாநிலங்களிடையே நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862 செப்டம்பர் 17 அன்று ஒரே நாளில் ஏறத்தாழ 23,000 பேர் இங்கே மாண்டோ, காயமுற்றோ, காணாமலோ போனார்கள். ஐந்தே நாட்களில் அதிபர் லிங்கன் அடிமை விடுதலைக்கான முன்னறிவிப்பை வெளியிட்டார். களத்தைக் காரிலேயே சுற்றி வரலாம் என்பதால் முழங்கால் வலி தடையாகாது. வண்டிச் சக்கரங்கள் தேய்த்துத் தேய்த்துப் பள்ளமாகிப்போன ஒரு பண்ணைச் சாலையில் மட்டும் கொஞ்சம் இறங்கி நில்லுங்கள். தென்தரப்பு வீரர்கள் அதையே பதுங்குகுழியாகக் கொண்டு போரிட்டதால், ‘இரத்தச் சந்து’ என்றே அது அழைக்கப்படுகிறது.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ஞாயிறு பிற்பகலில் வீட்டுக்கு அருகிலேயே ஏதேனும் இருக்கிறதா?

மறுமொழி 3:
நகரின் தெற்கு எல்லையை ஒட்டியே மொனோக்கஸி போர்க்களம் இருக்கிறது. பலரும் இதைப் பார்க்காமல் கடந்துபோவது எனக்கு வருத்தமே. 1864 ஜூலை 9 அன்று வடதரப்புத் தளபதி லூ வாலஸின் சிறுபடை இங்கே தோற்றாலும், வாஷிங்டனை நோக்கி வந்த தென்தரப்புப் படையை ஒரு நாள் தாமதப்படுத்தித் தலைநகரைக் காத்தது. ஆன்டீட்டத்தோடும் இந்த நிலத்துக்குத் தொடர்பு உண்டு: தென்தரப்புத் தளபதி ஜெனரல் லீயின் இரகசியப் படை ஆணை, மூன்று சுருட்டுகளைச் சுற்றிய தாளாக, 1862 செப்டம்பரில் இப்பகுதியில்தான் வடதரப்பு வீரர்களிடம் சிக்கியது. இங்கும் காரிலேயே பார்க்க வழி இருக்கிறது. பார்வையாளர் மையத்தில் வரைபடம் பெற்றுக்கொண்டு புறப்படுங்கள்.