முதியோர் மனச்சோர்வு: அளவுகோலில் சிக்காத பதில்களுக்கு வழி தேவை

உளவியல் ஆய்வாளரான நான், வேலூர் மாவட்டம் கே.வி.குப்பம் பக்கத்துக் கிராமங்களில், வீடு தேடிச் செல்லும் மருத்துவக் குழுவோடு எட்டு மாதங்களாக முதியோரின் மனச்சோர்வைப் பதிவுசெய்து வருகிறேன். பயன்படுத்துவது 15 கேள்விகள் கொண்ட முதியோர் மனச்சோர்வு அளவுகோல். மதிப்பெண் 5-ஐத் தாண்டினால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும். ஆனால், "அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா" என்று 2 மதிப்பெண்ணில் நின்றுவிடும் பாட்டியின் திண்ணையில், காலையில் ஊற்றிய கேழ்வரகுக் கூழ் மாலைவரை ஆடை படிந்து அப்படியே இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு அந்த எண்ணை எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை.

மருமகள் இல்லாத நேரத்தில் கேட்டேன். கேள்விகளைப் பேச்சுத்தமிழில் வாசித்தேன். தூக்கம், மூட்டுவலி என்று தொடங்கியும் பார்த்தேன். பதில் மாறவில்லை. செவிலியரும் இயன்முறை மருத்துவரும் கண்டவையோ தனித்தனிப் பதிவேடுகளில் கிடக்கின்றன.

குழுவினர் அனைவரும் நேரில் கண்டதை ஒரே படிவத்தில் பதிந்து, அளவுகோல் மதிப்பெண்ணோடு சேர்த்து மதிப்பிடும் முறையை, எழுதப் படிக்கத் தெரியாத தமிழ் முதியோரிடம் யாராவது பயன்படுத்தியிருக்கிறீர்களா?