பானஸ்வாடி ஃப்ளாட்டை விற்று கோவைக்கு மாறுகிறோம்: எதை முதலில் செய்வது?

பானஸ்வாடி வாசி:
வணக்கம். பெங்களூரு பானஸ்வாடியில் இருக்கும் 2 பெட்ரூம் ஃப்ளாட்டை விற்றுவிட்டு கோயம்புத்தூர் போகிறோம். வீட்டின் மேல் 18 லட்சம் லோன் பாக்கி, பத்திரம் வங்கியில். 82 லட்சத்துக்கு ஒருவர் ஒத்துக்கொண்டிருக்கிறார், அவரும் லோன் போட்டுத்தான் வாங்குகிறார். இ-கத்தா (மாநகராட்சி ஆன்லைனில் தரும் சொத்துக் கணக்குச் சான்று) இன்னும் எடுக்கவில்லை. ஜூனில் பள்ளி திறப்பதற்குள் அங்கே இருக்க வேண்டும். வாங்குபவர் தினமும் "எப்போ காலி பண்றீங்க" என்கிறார், கோவையில் பார்த்து வைத்த வீட்டுக்காரர் அட்வான்ஸ் கேட்டு நெருக்குகிறார். வீட்டில் யாருக்கும் நிம்மதியான தூக்கம் இல்லை. எந்த வரிசையில் போனால் சிக்கல் குறையும்?

கத்தா கணக்கு:
முதலில், யாருக்கும் தேதி சொல்லாதீர்கள். இ-கத்தா, வாங்குபவரின் லோன் சாங்ஷன் (ஒப்புதல்) கடிதம், உங்கள் வங்கியின் ஃபோர்குளோஷர் ஸ்டேட்மெண்ட் (லோனை முழுதாக மூட எவ்வளவு கட்ட வேண்டும் என்ற கணக்கு) ஆகிய மூன்றும் கைக்கு வந்தால்தான் பதிவுத் தேதியே தெரியும். அதற்கு முன் சொல்லும் தேதி நிச்சயம் மாறும். ஒவ்வொரு முறை மாறும்போதும் இரண்டு பக்கமும் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான், தூக்கம் போவது அதனால்தான்.

இன்றே தொடங்க வேண்டியது இ-கத்தா. 2024 அக்டோபரில் இருந்து பெங்களூரு மாநகரில் இது இல்லாமல் கிரயப் பத்திரம் பதிவாகாது. மாநகராட்சி இப்போது ஐந்தாகப் பிரிந்துவிட்டாலும் இந்த விதி அப்படியேதான் இருக்கிறது. ஆதார், பதிவான பத்திரத்தின் எண், சொத்து வரி விண்ணப்ப எண், பெஸ்காம் (மின்சார) கணக்கு எண், ஈ.சி. (வில்லங்கச் சான்று), கட்டடத்தின் புகைப்படம் ஆகியவற்றை எடுத்து வையுங்கள்.

தமிழர்களுக்கு இதில் மாட்டுவது பெரும்பாலும் பெயர். பத்திரத்தில் இனிஷியலோடு இருக்கும். ஆதாரில் அப்பா பெயர் பின்னால் விரிந்திருக்கும், பான் கார்டில் அதுவே முன்னால் வந்திருக்கும். மென்பொருளுக்கு இது மூன்று ஆள். மூன்று பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி அபிடவிட் ஒன்று எடுத்து, ஆதார், பான் நகல்களோடு வையுங்கள். வாங்குபவரின் வங்கி வக்கீலும் இதையேதான் கேட்பார். கணவன் மனைவி இருவர் பெயரிலும் பத்திரம் இருந்தால் இருவருக்கும் எடுங்கள்.

அடுத்தது பரப்பளவு. பத்திரத்தில் சூப்பர் பில்ட்-அப் (பொது இடங்களின் பங்கையும் சேர்த்த பரப்பு), வரி ரசீதில் வேறு எண் என்று இருந்தால் வரைவு இ-கத்தா வரும்போதே சரிபாருங்கள். இறுதியான பிறகு திருத்துவது நாள் கணக்கில் இழுக்கும்.

லோன் மேசை:
வங்கிப் பக்கத்தை நான் சொல்கிறேன். உங்கள் வங்கியில் எழுத்து மூலம் இரண்டு கேளுங்கள்: அவர்களிடம் உள்ள ஆவணங்களின் பட்டியல், ஃபோர்குளோஷர் ஸ்டேட்மெண்ட். பட்டியல் இல்லாமல் வாங்குபவரின் வங்கி ஒரு அடி நகராது. ஸ்டேட்மெண்டில் தினசரி வட்டியையும் போடச் சொல்லுங்கள். 18 லட்சத்துக்கு எட்டரை சதவீதம் என்றால் நாளுக்குச் சுமார் 420 ரூபாய். பதிவு பத்து நாள் தள்ளினால் எடுத்து வைத்த டி.டி. 4,200 ரூபாய் குறையும், அந்தச் சின்னத் தொகைக்காக லோன் மூடப்படாமல் நிற்கும். ஃப்ளோட்டிங் (அவ்வப்போது மாறும்) வட்டி லோன் என்றால் தனிநபருக்கு முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் கிடையாது.

உங்கள் கணக்கில் ஒரு நல்ல வழி இருக்கிறது. வாங்குபவருக்கு வங்கி அதிகபட்சம் 80 சதவீதம் தரும், மீதி 16.4 லட்சம் அவர் கைக்காசு. அந்தத் தொகையை உங்கள் லோன் கணக்கிலேயே நேரடியாகக் கட்டச் சொல்லி, மிச்சத்தை நீங்கள் போட்டால் பதிவுக்கு முன்பே லோன் முடியும். அவருக்குப் பயம் இருக்கத்தான் செய்யும். அதற்காக விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்து, எந்தக் கணக்கில் எவ்வளவு கட்டினார் என்பதை அதிலேயே எழுதிக் கொடுங்கள். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால், பதிவு அன்று ஒரு டி.டி. உங்கள் வங்கிக்கு, இன்னொன்று உங்களுக்கு என்று போக வேண்டும். அதில் இரண்டு வங்கிகளின் தேதியும் ஒத்து வர வேண்டும்.

லோன் முடிந்த 30 நாளுக்குள் அசல் பத்திரத்தைத் தந்து அடமானப் பதிவையும் நீக்க வேண்டும், வங்கியால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் 1 முதல் ரிசர்வ் வங்கி விதி. ஆனால் 30 நாள் என்பதே உங்களுக்கு அதிகம். கட்டிய அன்றே கடிதம் கொடுத்துத் தொடருங்கள். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் அடமானமாக வைத்ததற்கான டெபாசிட் பத்திரம் பதிவாகியிருந்தால் அது ஈ.சி.யில் தெரியும், அடமானம் தீர்ந்தது என்ற விடுதலைப் பத்திரமும் பதிவானால்தான் தீரும். பத்திரம் கைக்கு வந்துவிட்டது என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

பானஸ்வாடி வாசி:
மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். வாங்குபவர் 12 லட்சத்தை ரொக்கமாகத் தருகிறேன், பத்திரத்தில் 70 என்று போடலாம் என்கிறார். டி.டி.எஸ். (விற்பனைத் தொகையில் முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) யார் கட்டுவது?

கத்தா கணக்கு:
ரொக்கம் வேண்டவே வேண்டாம். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை முழுவதும் அபராதம், அதுவும் பெற்றுக்கொண்ட உங்கள் மேல். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு பத்திர விலையின் 110 சதவீதத்தைத் தாண்டினால், மூலதன ஆதாய வரி (விற்ற லாபத்துக்கான வரி) வழிகாட்டி மதிப்பை வைத்துத்தான் வரும். முத்திரைத் தீர்வை மிச்சமாவது அவருக்கு, மாட்டிக்கொள்வது நீங்கள்.

டி.டி.எஸ். 1 சதவீதம், 82,000 ரூபாய். அவர்தான் பிடித்துக் கட்ட வேண்டும், ஒவ்வொரு தவணையிலும். உங்கள் பான் ஆதாரோடு இணையாமல் இருந்தால் 20 சதவீதம் பிடிபடும், 16.4 லட்சம் ரீஃபண்டுக்காகக் காத்திருக்கும். இன்றே பாருங்கள்.

24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த வீடு என்றால் ஆதாயத்துக்கு 12.5 சதவீதம். 2024 ஜூலை 23க்கு முன் வாங்கியதென்றால் இண்டெக்ஸேஷனோடு (வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிடுவது) 20 சதவீதம் என்றும் போட்டுப் பார்த்து, குறைந்ததைக் கட்டலாம். கோவையில் இரண்டு வருடத்துக்குள் வீடு வாங்கினால் விலக்கு உண்டு. ரிட்டர்ன் கெடுவுக்குள் வாங்க முடியாவிட்டால் வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கு திறந்து பணத்தைப் போடுங்கள். அவகாசம் இவ்வளவு இருக்கும்போது, அந்தக் கோவை வீட்டுக்காரருக்கு இப்போதே அட்வான்ஸ் கொடுக்க ஒரு காரணமும் இல்லை. முதலில் பள்ளிக்குப் பக்கத்தில் 11 மாத வாடகைக்குப் போங்கள். அதைச் செய்துவிட்டால் ஜூனுக்கும் பதிவுத் தேதிக்கும் சம்பந்தமே இல்லாமல் போகும்.

அவினாசி ரோடு:
சாமான் பக்கம் சொல்கிறேன். எது வீட்டோடு போகும், எது உங்களோடு வரும் என்று ஒப்பந்தத்தில் இணைப்பாக எழுதிவிடுங்கள்: ஃபேன், கீசர், சிம்னி, ஏ.சி., இன்வெர்ட்டர், வாட்டர் பியூரிஃபையர், அலமாரி. கோடி ரூபாய் வீட்டிலும் கடைசி நாள் சண்டை ஒரு கீசருக்காகத்தான் வரும்.

பேக்கர்ஸிடம் வீடியோவில் ஒவ்வொரு அறையையும் காட்டி, பொருள் பட்டியலோடு விலை வாங்குங்கள். "2 பெட்ரூம் இவ்வளவு" என்று போனில் சொல்லும் விலை லாரியில் ஏற்றியதும் ஏறும், இறக்க மாட்டேன் என்று நிறுத்துவார்கள். தனி லாரியா, பங்கு லோடா என்று எழுதி வாங்குங்கள். 2 பெட்ரூமுக்கு 14 அடி வண்டி போதும். பங்கு லோடு மலிவு, ஆனால் குடோனில் ஒருமுறை இறக்கி ஏற்றுவார்கள், கண்ணாடியும் கிரைண்டரும் உடைவது அங்கேதான். இன்சூரன்ஸ் என்று பணம் கேட்டால் காப்பீட்டு நிறுவனத்தின் பாலிசி எண்ணைக் கேளுங்கள், வெறும் பில்லில் ஒரு வரி போதாது. ஒரு பங்கு பணம் இறக்கிய பிறகுதான்.

ஃபிரிட்ஜை முந்தைய நாளே அணைத்து ஐஸ் உருக விடுங்கள். முன்கதவு வாஷிங் மெஷின் என்றால் பின்னால் போடும் ட்ரான்சிட் போல்டைத் தேடி மாட்டுங்கள், இல்லாவிட்டால் டிரம் ஆடியே கெடும். கேஸ் சிலிண்டரை லாரியில் ஏற்றக் கூடாது. சிலிண்டர், ரெகுலேட்டர் இரண்டையும் ஏஜென்சியில் ஒப்படைத்து டெர்மினேஷன் வவுச்சர் வாங்கினால் டெபாசிட் திரும்பும், கோவையில் அதைக் காட்டிப் புது இணைப்பு எடுக்கலாம். அசோசியேஷனில் பாக்கி இல்லை என்ற கடிதத்தையும் லிஃப்ட் நேரத்தையும் ஒன்றாகவே கேளுங்கள், பல இடங்களில் ஞாயிறு அன்று சாமான் இறக்க விடமாட்டார்கள்.

லோன் மேசை:
ஒன்று விட்டுப்போயிற்று. பதிவு முடிந்து 15 நாள் வரை வீட்டில் இருக்கலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து போடுங்கள். பதிலுக்கு ஒன்றோ இரண்டோ லட்சத்தைச் சாவி கொடுக்கும் வரை அவர் நிறுத்தி வைக்கட்டும். "எப்போ காலி" என்ற கேள்விக்கு அந்த ஷரத்தைக் காட்டினால் போதும்.