வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும் (நிக்ரோம் கம்பி)

(மலேசியத் தமிழர்களின் கலைச்சொல் உரையாடல்; பேசுபவர்கள் ஊர்ப்பெயரால்.)

பட்டர்வொர்த் ஆசிரியை:
வணக்கம். விடுமுறையில் பிள்ளைகளுக்கு ஒரு பட்டறை வைக்கிறோம். பேட்டரியில் சூடாகும் நிக்ரோம் (நிக்கல், குரோமியம் கலந்த உலோகம்) கம்பியால் பாலிஸ்டைரீன் அட்டையை வெட்டி, தைப்பூசக் காவடிக்கு மயில் செய்யப்போகிறோம். கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். ஒரே ஒரு சொல் உதைக்கிறது. கம்பியின் மேற்பரப்பில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை வாட் என்ற அளவு. ஆங்கிலத்தில் ‘சர்ஃபேஸ் லோடு’ என்பார்கள். ‘மேற்பரப்புச் சுமை’ என்று எழுதிப் பார்த்தேன். “கம்பி மேல எதைத் தூக்கி வைக்கணும் டீச்சர்?” என்று ஒரு பையன் கேட்டுவிட்டான்.

பாயான் லெப்பாஸ் டெக்னிசியன் (ஓய்வு):
சொல்லு கிடக்கட்டும் டீச்சர், கணக்கைப் போட்டீங்களா? 0.4 மில்லிமீட்டர் நிக்ரோம், மீட்டருக்கு ஏறக்குறைய 8.75 ஓம். 20 சென்டிமீட்டர் வெட்டினால் 1.75 ஓம். 3.7 வோல்ட் லித்தியம் செல் ஒன்று போட்டால் 2.1 ஆம்பியர், 7.8 வாட். கம்பியின் மேற்பரப்பு 2.5 சதுர சென்டிமீட்டர். ஆக, சதுர சென்டிமீட்டருக்கு 3.1 வாட். இப்போ அதே செல்லில் கம்பியை 40 சென்டிமீட்டராக்குங்க. வாட் பாதியாகும், பரப்பு இரட்டிப்பாகும், உங்க ‘சுமை’ கால்வாசிக்கு இறங்கிடும். நீளம் கூட்டினால் சூடு கூடும்னு நினைக்கிற பிள்ளைங்க இங்கேதான் சறுக்குவாங்க. வாட்டை மட்டும் பார்த்தால் கம்பி எவ்வளவு சூடாகும்னு சொல்ல முடியாது. அந்த வாட் எவ்வளவு தோல் வழியா வெளியேறுதுங்கிறதுதான் விஷயம். பாலிஸ்டைரீன் 100 டிகிரி வாக்கிலேயே இளகிடும், கம்பி சிவக்கத் தேவையே இல்லை. ஜன்னலைத் திறந்து வைங்க, அந்தப் புகை ஆகாது.

பிரிக்ஃபீல்ட்ஸ்:
‘பரப்புவலு’ எனலாமே. எங்கள் யாழ்ப்பாண வழக்கில் வாட்டில் அளப்பது வலு. குறுகிய சொல், ஐயமில்லை.

செந்தூல்:
ஐயா, இங்கே வலு என்றால் உடல் வலுதான். தமிழ்நாட்டுப் பாடநூலில் ‘திறன்’. ஆகவே ‘பரப்புத்திறன்’. வல்லினம் மிகும், கவனிக்க.

பட்டர்வொர்த் ஆசிரியை:
நம்ம பள்ளியில் திறன் என்றால் என்ன தெரியும்தானே? உயர்நிலைச் சிந்தனைத் திறன், கேட்டல் பேச்சுத் திறன். கம்பிக்கும் தேர்ச்சி அறிக்கை போடணுமா?

செந்தூல்:
சரி, வேருக்கே போவோம். காய் என்ற வினையை ஏன் மறந்தோம்? வெயில் காய்கிறது, நிலாக் காய்கிறது, மேனி காய்ந்தால் காய்ச்சல். ‘அகலாது அணுகாது தீக்காய்வார்’ என்று குறள் 691. எவ்வளவு தூரத்தில் எவ்வளவு சூடு என்பதை அரசனுக்கே பொருத்திக் காட்டிய இனம் நாம். ‘காய்வு’ என்றே வைத்தால் என்ன? பரப்புக்காய்வு. இன்னும் தோண்டினால் காய்ச்சு, காய்ப்பு, காய்...

பாயான் லெப்பாஸ் டெக்னிசியன்:
தம்பி, காய்வுன்னா எனக்குக் கருவாடுதான் ஞாபகம் வருது.

பிரிக்ஃபீல்ட்ஸ்:
சிரிக்க வேண்டாம். 1966-இல் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கூடியது இதே கோலாலம்பூரில். 1987-இலும் 2015-இலும் மறுபடி இங்கேயே. அப்படிப்பட்ட ஊரில் வாட்டில் அளப்பதற்கு ஒரு பொதுச்சொல் இல்லாமல், திறன் ஒரு பக்கம், வலு ஒரு பக்கம் என்று இழுத்துக்கொண்டிருக்கிறோம்.

செந்தூல்:
‘நிக்ரோம்’ என்பதையும் தமிழாக்கலாம் என்று நெடுநாளாக...

பட்டர்வொர்த் ஆசிரியை:
வேண்டாம் அண்ணே! ஜாலான் பாசார் மின்பொருள் கடையில் போய் என்ன பெயர் சொல்லிக் கேட்பார்கள்? ‘சூட்டடர்த்தி’ எப்படி?

பாயான் லெப்பாஸ் டெக்னிசியன்:
அடர்த்தின்னதும் பையன் கன அளவால வகுப்பான். இங்கே வகுக்க வேண்டியது பரப்பால. சூடுன்னு வேற சொல்றீங்க, அது டிகிரியா, வாட்டா? காற்றாடிக்கு நேரே பிடிச்சா அதே 3.1 வாட்டில் கம்பி ஆறும். அதையே சுருளாச் சுத்தினா ஒரு சுற்று பக்கத்துச் சுற்றைச் சுடும், இன்னும் ஏறும். வாட் வேற, டிகிரி வேற.

பட்டர்வொர்த் ஆசிரியை:
அப்படியானால் ‘பரப்பு வாட்’. வாட் எல்லாருக்கும் தெரியும், பரப்பு நான்காம் ஆண்டுப் பிள்ளைக்கும் தெரியும். எதிர்ப்பு உண்டா?

பிரிக்ஃபீல்ட்ஸ்:
அலகின் பெயரை அளவுக்கு வைப்பது முறையன்று. நீளத்தை ‘மீட்டர்’ என்றா சொல்கிறோம்? ஆனால் வியாழன் இரவு பதினொரு மணி. நான் தடுக்கவில்லை, உடன்படவும் இல்லை.

செந்தூல்:
பாதித் தமிழ், பாதி இரவல். என் ஓட்டு காய்வுக்கே. பதிவு செய்யவும்.

பாயான் லெப்பாஸ் டெக்னிசியன்:
பரப்பு வாட்டுக்கு என் ஓட்டு. டீச்சர், ஒன்று விட்டுப்போச்சு. முழுசா சார்ஜ் ஏறின செல் 4.2 வோல்ட் காட்டும். அப்போ 7.8 இல்லை, 10 வாட். முதல் மயில் கருகும். அந்த நேரத்துக்குக் கம்பியை ரெண்டு மூணு சென்டிமீட்டர் நீளமாப் பிடிக்கச் சொல்லுங்க.

பட்டர்வொர்த் ஆசிரியை:
மூன்றாம் பக்கத்தில் சேர்த்துவிட்டேன். ‘பரப்பு வாட்’ என்றே போகிறது. அடிக்குறிப்பில் ‘பரப்புவலு என்றும் சொல்வர்’ என்று போட்டிருக்கிறேன், பிரிக்ஃபீல்ட்ஸ் ஐயாவுக்காக. காய்வுக்கு இடமில்லை.

செந்தூல்:
அடிக்குறிப்பில் ஒரு வரி போட்டால் என்ன?