பெரியம்மா வீட்டுக் கம்ப்யூட்டரும் நாளைய படகு ஆய்வும்

வாட்ஸ்அப் குழு: மண்டபம் அய்யா வீடு

கணேசன் அண்ணன்: நாளைக் காலை கோயில்வாடியில் படகு ஆய்வு. ஆர்சி (படகுப் பதிவுச் சான்று), மீன்பிடி உரிமம், டீசல் பாஸ்புக், இன்சூரன்ஸ், நாலுக்கும் நகல் வேண்டும். ஸ்கேன் பண்ணியது வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. சாந்தி, எடுத்து இங்கே போடு. நான் எஞ்சின் வேலையில் நிற்கிறேன்.

செல்வி அத்தை: ராமேஸ்வரத்தில் நேற்றே முடிந்துவிட்டது.

முருகன் சித்தப்பா: ஆய்வுக்குக் காட்டாவிட்டால் மானிய டீசலை நிறுத்திவிடுவார்கள். ஜூன் 14 மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. கடைசி நேரத்தில் அலையாதே கணேசா.

கணேசன் அண்ணன்: தெரியும் சித்தப்பா.

சாந்தி மதினி: எங்கே இருக்கிறது? ஸ்டார்ட்டை அழுத்தினால் விளையாட்டும் சினிமாவும்தான் வருகிறது.

பெரியம்மா: குரல் செய்தி 0:48

செல்வி அத்தை: மதினி, பஸ்ஸில் இருக்கிறேன், கேட்காது. எழுதச் சொல்லுங்கள்.

சாந்தி மதினி: பக்கத்து வீட்டுப் பையன் போன வருஷம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுத் தந்தானாம். மஞ்சள் பெட்டி என்கிறார்கள்.

கவிதா: எல்லா ஃபோல்டரும் மஞ்சள்தானே

பிரபு: மதினி, ஸ்டார்ட் பட்டன் கீழ்ப்பட்டையின் நடுவில் இருக்கிறதா, இடது ஓரத்தில் இருக்கிறதா?

சாந்தி மதினி: நடுவில்.

பிரபு: அப்படியானால் விண்டோஸ் 11. கீபோர்டில் விண்டோஸ் பட்டனோடு E எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். இடப்பக்கம் டவுன்லோட்ஸ் என்று இருக்கும். வாட்ஸ்அப்பிலிருந்து இறக்கியதெல்லாம் பெரும்பாலும் அங்கேதான் போய் விழும். அதில் பாருங்கள்.

முருகன் சித்தப்பா: ஆர்சி இன்னும் அய்யா பேரில்தானே இருக்கிறது? கேட்டால் என்ன சொல்வாய்?

கணேசன் அண்ணன்: போன வருஷம் சொன்னதைத்தான் சொல்வேன்.

முருகன் சித்தப்பா: பேரை மாற்று என்று நான் சொன்னபோது யார் கேட்டீர்கள்.

பெரியம்மா: குரல் செய்தி 1:12

செல்வி அத்தை: இப்போது எதற்கு அந்தப் பேச்சு.

சாந்தி மதினி: கிடைத்துவிட்டது. நியூ ஃபோல்டர் (2) என்று பேர். ஆர்சி, உரிமம், பாஸ்புக் மூன்றும் இருக்கிறது.

கணேசன் அண்ணன்: அனுப்பு அனுப்பு

பிரபு: மதினி, அனுப்பிவிட்டு அஞ்சு நிமிஷம் அங்கேயே உட்காருங்கள். வருஷா வருஷம் இதே ஓட்டம். அண்ணன் படகில் நிற்பார், நீங்கள் அடுப்பில் நிற்பீர்கள், பெரியம்மா மட்டும்தான் வீட்டில். அவர்களே ஒரு சொடுக்கில் திறக்கிற மாதிரி வைத்துவிடலாம். முதலில் பேர். ஃபோல்டரை ஒருமுறை சொடுக்கி எஃப்2 அழுத்தி 'படகு' என்று தமிழிலேயே வையுங்கள். அடுத்து அதை டாக்குமெண்ட்ஸுக்குள் நகர்த்துங்கள். டவுன்லோட்ஸை யாராவது சுத்தம் பண்ணுகிறேன் என்று கிளம்பினால் இதுவும் சேர்ந்து போய்விடும். நகர்த்திய பிறகுதான் 'பின்' பண்ண வேண்டும், அதாவது ஸ்டார்ட்டில் குத்தி வைக்க வேண்டும். முன்னாலேயே பின் பண்ணிவிட்டு இடம் மாற்றினால் திறக்காமல் போகலாம். டாக்குமெண்ட்ஸில் வைத்தபின் அதன் மேல் ரைட் கிளிக், 'பின் டு ஸ்டார்ட்'. அவ்வளவுதான்.

கவிதா: அவ்வளவுதானா

சாந்தி மதினி: பண்ணிவிட்டேன் தம்பி. ஸ்டார்ட்டில் காணோம்.

பிரபு: கடைசியில் போய் உட்கார்ந்திருக்கும். மவுஸ் சக்கரத்தைக் கீழே உருட்டுங்கள். தெரிந்ததும் ரைட் கிளிக், 'மூவ் டு ஃப்ரண்ட்'. முதல் இடத்துக்கு வந்துவிடும். விளையாட்டு, சினிமா எல்லாவற்றிலும் ரைட் கிளிக் பண்ணி 'அன்பின்' கொடுங்கள். பயப்படாதீர்கள், அங்கிருந்து எடுப்பதால் எதுவும் அழியாது. 'அன்இன்ஸ்டால்' என்று பக்கத்தில் வரும், அதை மட்டும் தொடாதீர்கள்.

செல்வி அத்தை: சீலா மீன் என்ன விலை அங்கே? இங்கே வாய் வைக்க முடியவில்லை.

கணேசன் அண்ணன்: தடைக்காலத்தில் நாட்டுப்படகு மீன்தானே அத்தை. விலை அப்படித்தான் இருக்கும்.

சாந்தி மதினி: படகு முன்னால் வந்துவிட்டது. கீழே 'ரெக்கமெண்டட்' என்று ஏதோ வரிசையாக வருகிறது. 'நகைக்கடன் ரசீது' என்று ஒன்று இருக்கிறதே, யாருடையது?

கவிதா: ஐயோ

முருகன் சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செல்வி அத்தை: எந்த நகை?

பிரபு: அது கடைசியாகத் திறந்த பைல்களைத் தானாகக் காட்டுகிற இடம். யார் வந்து பிரிண்ட் எடுத்தாலும் அவர்கள் திறந்தது அங்கே வந்து நிற்கும். நாலு பேர் உட்காருகிற கம்ப்யூட்டர், அது தேவையில்லை. செட்டிங்ஸ், பர்சனலைசேஷன், ஸ்டார்ட். அதில் 'ரீசண்ட்லி ஓப்பன்டு' என்றோ 'ரெக்கமெண்டட் ஃபைல்ஸ்' என்றோ வருகிற வரியை ஆஃப் பண்ணுங்கள். அதே பக்கத்தில் கீழே 'ஃபோல்டர்ஸ்' இருக்கும். அதற்குள் போய் டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ் இரண்டையும் ஆன் பண்ணுங்கள். ஸ்டார்ட்டைத் திறந்தால், கம்ப்யூட்டரை நிறுத்துகிற பட்டனுக்குப் பக்கத்திலேயே சின்னதாக வந்து நிற்கும்.

செல்வி அத்தை: முருகா, அம்மா வளையலா?

முருகன் சித்தப்பா: எஞ்சின் செலவுக்கு வைத்தது. திருப்பிவிடுவேன். குழுவில் பேச வேண்டாம்.

செல்வி அத்தை: போனில் பேசுகிறேன்.

கணேசன் அண்ணன்: எஞ்சினுக்குப் பாதிப் பணம் நானும் தந்தேன் சித்தப்பா.

பெரியம்மா: குரல் செய்தி 0:09

சாந்தி மதினி: "எல்லோரும் சாப்பிட்டீர்களா" என்கிறார்கள்.

பிரபு: பெரியம்மாவிடம் மவுஸைக் கொடுங்கள். ஸ்டார்ட்டை அழுத்தி அவர்களே படகைத் திறக்கட்டும்.

சாந்தி மதினி: திறந்துவிட்டார்கள். மறுபடி மூடித் திறந்து பார்க்கிறார்கள். அதிலேயே குடும்ப அட்டை, ஆதார், தடைக்கால நிவாரணம் வருகிற பேங்க் புத்தகம் எல்லாம் போடச் சொல்கிறார்கள்.

பிரபு: அதற்கு 'வீடு' என்று வேறு ஃபோல்டர் போடுங்கள் மதினி. இதே மாதிரி பின் பண்ணிப் பக்கத்தில் வைத்துவிடலாம்.

முருகன் சித்தப்பா: பாகப்பிரிவினைப் பத்திரமும் அதில் இருக்கட்டும். எல்லோரும் பார்க்கிற மாதிரி.

கணேசன் அண்ணன்: அதை அப்புறம் பார்க்கலாம்.

முருகன் சித்தப்பா: எப்போது?

கவிதா: படகு பேரையே ஃபோல்டருக்கு வைத்திருக்கலாம். அடுத்த படகு வாங்கினால் என்ன பண்ணுவீர்கள்

பிரபு: 'படகு'க்குள்ளேயே இரண்டு ஃபோல்டர் போட்டுக்கொள்ளலாம். பென் டிரைவிலும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள், கம்ப்யூட்டர் நின்றாலும் காகிதம் கையில் இருக்கும். பின் பண்ணுவது மட்டும் கம்ப்யூட்டரில் இருப்பதைத்தான் பண்ண வேண்டும். பென் டிரைவைக் கழற்றிவிட்டால் திறக்காது.

சாந்தி மதினி: பென் டிரைவ் பையன் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனது. வந்ததா தெரியவில்லை.

கணேசன் அண்ணன்: சாந்தி, உரிமம் கலங்கலாக வந்திருக்கிறது. இன்சூரன்ஸ் எங்கே?

சாந்தி மதினி: உரிமத்தை டாக்குமெண்ட்டாகவே மறுபடி அனுப்புகிறேன். இன்சூரன்ஸ் போன வருஷத்ததுதான் இருக்கிறது.

கணேசன் அண்ணன்: புதியது என் போனில் இருக்கும். ராத்திரி வந்து தேடுகிறேன்.

பிரபு: இப்போதே இங்கே போட்டுவிடுங்கள் அண்ணே. மதினி 'படகு'க்குள் வைத்துவிடுவார்கள்.

கணேசன் அண்ணன்: கையெல்லாம் கிரீஸ்டா

செல்வி அத்தை: முருகா, போனை எடு.