டெல்ட்ராசில் எரிந்த பிறகு ஹோர்டில் எப்படித் தொடர்வது?

நண்பர்களே, வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆன்லைன் விளையாட்டில் ஹோர்ட், அலையன்ஸ் என்று மோதும் இரண்டு அணிகளில் நான் எப்போதும் ஹோர்ட் பக்கம்தான். 2018-இல் அதற்கு வந்த பேட்டில் ஃபார் அசெராத் விரிவாக்கத்தின் கதையை இப்போதுதான் வரிசையாகப் பார்க்கிறேன். அலையன்ஸின் நைட் எல்ஃப்கள் வாழும் மரமான டெல்ட்ராசில் எரிகிற இடத்தைத் தாண்ட மனசு வரவில்லை. சாகக் கிடக்கும் நைட் எல்ஃப் வீராங்கனை டெலரினின் முகத்தைத் திருப்பி, அந்த மாபெரும் மரம் எரிவதைப் பார்க்க வைக்கிறாள் ஹோர்ட் தலைவி சில்வானாஸ். உள்ளே இருந்தவர்கள் சாதாரணக் குடிமக்கள்! போரில் ஜெயிப்பது வேறு, இது வேறு. என் தலைவி இப்படிச் செய்வாள் என்று எனக்கு நம்பவே முடியவில்லை. மனம் கசந்து நிற்கிற ஹோர்டின் மூத்த தளபதி சார்ஃபாங்கின் பக்கம்தான் என் மனசு சாய்கிறது.

உங்களிடம் கேட்க வேண்டியது இதுதான். 8.1 அப்டேட்டில் சார்ஃபாங்கோடு நிற்பதா, சில்வானாஸுக்கு விசுவாசமாக இருப்பதா என்று தேர்வு வருகிறதாமே, எதை எடுத்தால் கதை ஆழமாகப் புரியும்? அப்புறம், டெல்ட்ராசில் எரிவதில் முடிகிற அந்த முள் போர் (War of Thorns) குவெஸ்ட்களை விளையாட்டிலிருந்தே எடுத்துவிட்டார்கள். ஹோர்ட், அலையன்ஸ் இரண்டு பக்கமும் முழுதாகப் பதிவான வீடியோ இருந்தால் சொல்லுங்கள், தமிழ் விளக்கத்தோடு என்றால் ரொம்ப நல்லது. அடுத்த விரிவாக்கமான ஷேடோலேண்ட்ஸில் நடப்பதை மட்டும் தயவுசெய்து இப்போதே சொல்லிவிடாதீர்கள்.