சீரிஸ் 3 லேண்ட் ரோவர்: மேல் ஸ்விவலில் ரயில்கோ புஷ்ஷா, டேப்பர் பேரிங்கா?

லீஃப்88: வண்டி சீரிஸ் 3, 88 இன்ச். முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் பிடிச்சு ஆட்டினா லூசா இருக்கு. ஒருத்தர் பிரேக்கை மிதிச்சுப் பிடிச்சாலும் ஆட்டம் போகல. அப்போ வீல் பேரிங் இல்ல, ஸ்விவல்தான் (ஸ்டியரிங் திருப்பும்போது முன்சக்கரம் திரும்புற மூட்டு). கம்பெனி அமைப்புல கீழே டேப்பர் ரோலர் (கூம்பு உருளைகள் உள்ள பேரிங்), மேலே ரயில்கோ புஷ் (உருளை இல்லாத வழுக்கு வளையம்). மேலேயும் டேப்பர் போடுற கிட் விக்கிறாங்க. மாத்தலாமா?

ஹைகியர்: மாத்துங்க. ரயில்கோ பிசின் ஏற்றின நார்ப் பொருள். சீல் கசிஞ்சு தண்ணி உள்ளே போனா புஷ்ஷுக்குள்ள திரும்புற ஸ்விவல் பின் (pin) துருப்பிடிக்கும், அந்தத் துரு உப்புத்தாள் மாதிரி புஷ்ஷைத் தேய்க்கும். பழைய பின்னைக் கழட்டி நகத்தை வெச்சு உரசிப் பாருங்க, ஒரு படி தட்டும். டேப்பர்ல தேய்மானம் வந்தா ஒரு ஷிம்மை (இடைவெளியைச் சரிக்கட்டுற மெல்லிய தகடு) எடுத்துட்டு மறுபடி இறுக்கிக்கலாம். 1970-ல வந்த ரேஞ்ச் ரோவர்லயே மேலேயும் கீழேயும் டேப்பர்தானே?

பழையஇரும்பு: ரேஞ்ச் ரோவர்ல இருக்கிற ஸ்டியரிங் டேம்பரை (உதறலை அடக்குற ஷாக் அப்சார்பர்) விட்டுட்டீங்களே சார். சீரிஸ் 3-ல சக்கர உதறலை அடக்குறதே அந்தப் புஷ்ஷோட உராய்வுதான். மேனுவல் அளவைப் பாருங்க. டை ராட் (ரெண்டு முன்சக்கரத்தையும் இணைக்கிற தண்டு) மாட்டுற துளையில ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்தா, முதல் அசைவு கடந்த பிறகு 14 முதல் 16 பவுண்டு, அதாவது 6.3 முதல் 7.3 கிலோ காட்டணும். ரெண்டு பக்கமும் டேப்பர் இருக்கிற காயில் ஸ்பிரிங் வண்டிக்கு 1.16 முதல் 1.46 கிலோதான். உராய்வு அஞ்சுல ஒரு பங்காக் குறையுது. பள்ளத்துல ஒரு சக்கரம் இறங்கினா அந்த உதறல் நேரா கைக்கு வரும்.

ஹைகியர்: டேம்பர் சேர்த்தே போடணும், அதை ஒத்துக்கிறேன். ஆனா உராய்வை வெச்சு உதறலை அடக்குறது நோயை மூடி வைக்கிற மாதிரி. டை ராட் முனைகள், ஸ்டியரிங் ரிலே (ஸ்டியரிங் அசைவைச் சக்கரத்துக்குக் கடத்துற பாகம்), ஸ்பிரிங் புஷ், டயர் பேலன்ஸ் எல்லாம் சரியா இருக்கான்னு யாரும் பார்க்கிறதில்ல, ஷிம்மைத்தான் உருவுறாங்க. இந்த வண்டிக்கு காஸ்டர் (ஸ்விவல் அச்சு பின்னோக்கிச் சாஞ்சிருக்கிற கோணம்) 3 டிகிரிதான். 16 பவுண்டுக்கு மேல இறுக்கினா வளைவு முடிஞ்சதும் ஸ்டியரிங் தானா நேருக்குத் திரும்பாது.

பழையஇரும்பு: அதிகமா இறுக்குறது புஷ்ஷோட குற்றம் இல்லையே. டேப்பருக்குன்னே ஒரு நோய் இருக்கு. ஸ்விவல் பேரிங் முழுச் சுற்று சுத்துறதில்ல. வண்டி நேரா போகும்போது ரோலர்கள் ஒரே இடத்துல அதிர்ந்துக்கிட்டே இருக்கும். அந்த இடத்துல எண்ணெய்ப் படலம் விலகி, கப்புல (பேரிங்கோட வெளி வளையம்) சீப்புப் பல் மாதிரி வரிசையாக் கோடு விழும். அதுக்கப்புறம் நேர்நிலையில ஸ்டியரிங் 'கட்'னு ஒரு குழியில உட்காரும். ஷிம் எடுத்தா இன்னும் மோசமாகும், பேரிங்கையே மாத்தணும். ரயில்கோ இப்படி ஆகாது.

ஹைகியர்: ப்ரீலோடு (பேரிங்கை முன்கூட்டியே இறுக்கி வைக்கிற அளவு) தளர்ந்தே ஓட்டினா அந்தக் கோடு சீக்கிரம் விழும். அளவோட வெச்சு, நல்லா கிரீஸ் அடைச்சுப் போட்டா பல வருஷம் ஓடும். கீழே இருக்கிறதும் டேப்பர்தானே?

லீஃப்88: வேலையில எங்கே தப்பு நடக்கும்?

பழையஇரும்பு: அளக்கும்போதுதான் தம்பி. பெரிய ஆயில் சீலைக் கழட்டிட்டு அளக்கணும். சீலோட பிடிப்பும் சேர்ந்தா தராசு பொய் சொல்லும். ஆக்சில் ஷாஃப்டும் வெளியே இருக்கணும், டை ராடும் கழன்றிருக்கணும். ஷிம் 0.003, 0.005, 0.010, 0.030 இன்ச்ல கிடைக்கும். மேல் பின் ஃபிளாஞ்சுக்கு அடியில அது போகுது. ஷிம் எடுத்தா இறுகும், சேர்த்தா தளரும். கீழ் கப் முழுசா உட்காரலன்னா நூறு கிலோமீட்டர்ல ப்ரீலோடு காணாமப் போயிடும்.

ஹைகியர்: கிட் போட்டா ஸ்விவல் பந்தோட (மூட்டோட உருண்டை உறை) மேல் துளையை முதல்ல பாருங்க. புஷ் இருந்த துளை நீள்வட்டமா ஆகியிருந்தா புது கப் உள்ளேயே சுத்தும். அந்தப் பந்துக்கு டேப்பர் வேண்டாம். எண்ணெய் விஷயமும் சொல்லிடறேன். புஷ் வெச்சா EP90 கியர் ஆயிலையே ஊத்துங்க, ஒரு பக்கத்துக்கு அரை லிட்டர். எண்ணெய்க்குப் பதிலா அடைக்கிற ஒன் ஷாட் கிரீஸ் மேல் புஷ் வரைக்கும் சரியா ஏறாது.

பழையஇரும்பு: குரோம் உரிஞ்சு குழி விழுந்த பந்துன்னா எதைப் போட்டாலும் சீல் கிழியும், எண்ணெய் ஒழுகும். மேலே சொன்ன எல்லாத்துக்கும் முன்னாடி அந்தப் பந்தைத் துடைச்சுட்டு விரலால ஒரு சுற்று தடவிப் பாருங்க.

லீஃப்88: பந்துல குழி இல்ல, துளையும் வட்டமாத்தான் இருக்கு. ஆனா வண்டியில டேம்பர் கிடையாது.

ஹைகியர்: டேம்பர் இல்லன்னா டேப்பர் வேண்டாம், புது புஷ், புது பின், புது த்ரஸ்ட் வாஷர் வாங்குங்க. கீழ் பேரிங்கையும் கப்போட சேர்த்தே மாத்துங்க. பூட்டின பிறகு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பத்து தடவை திருப்பிட்டு மறுபடி தராசை மாட்டுங்க. 14-க்குக் கீழே காட்டினா 0.003 ஷிம் ஒண்ணை எடுத்துட்டு திரும்ப அளங்க.